நோர்மண்டியில் வீடு, கையில் பிரித்தானியக் கடவுச்சீட்டு

கேள்வி: நானும் மனைவியும் லண்டன் ஹரோவில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறோம். இருவரிடமும் பிரித்தானியக் கடவுச்சீட்டு மட்டும்தான். மகள் கலியாணம் முடித்துப் பாரிஸ் புறநகரில் இருக்கிறாள், மகன் லண்டனில். 2016-ல் நோர்மண்டியில், ஓர்ன் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், ஒரு பழைய கல்வீட்டை 120,000 யூரோவுக்கு இருவர் பெயரிலும் வாங்கினோம். இப்போது 180,000 வரை போகும் என்கிறார்கள். நான் ஓய்வு பெறப் போகிறேன். வருகிற வருடம் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை அங்கே இருந்து தோட்டம் செய்ய ஆசை. சொந்த வீட்டில் இருக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்கிறார் நண்பர். 90 நாளுக்கு மேல் கூடாது என்கிறாள் மகள். எது சரி? பிரான்சில் வீட்டு வரியை ஒழித்துவிட்டார்கள் என்று கேள்வி, ஆனால் எங்களுக்கு இரண்டு பில் வருகிறது. எங்களுக்குப் பிறகு அந்த வீடு மகளுக்கு, ஹரோ வீடு மகனுக்கு என்று லண்டனில் உயில் எழுதி வைத்திருக்கிறோம். அது போதுமா? நாங்கள் இல்லாத நேரத்தில் விடுமுறை வாடகைக்கு விடலாமா, இல்லை விற்றுவிடலாமா?

— வாசகர், ஹரோ

பதில்:

ஐயா, உங்கள் மகள் சொல்வதுதான் சரி. வீடு உங்கள் பெயரில் இருப்பதற்கும் நீங்கள் அதில் எத்தனை நாள் தங்கலாம் என்பதற்கும் பிரெஞ்சுச் சட்டத்தில் சம்பந்தமே இல்லை. நீங்கள் வீடு வாங்கிய 2016-ல் இந்தக் கேள்வி எழவில்லை. அப்போது நீங்கள் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள். 2021 ஜனவரி 1-லிருந்து நீங்கள் அங்கே வெளிநாட்டு விருந்தாளி. வரி கட்டும் விருந்தாளி என்பதால் சலுகை ஏதும் கிடையாது.

சலுகை கொடுக்கப் பார்த்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தச் செய்தியைப் பாதி மட்டும் கேட்டவர்கள் இன்னும் என்னிடம் வருகிறார்கள். பிரான்சில் வீடு வைத்திருக்கும் பிரித்தானியருக்கு நீண்ட கால விசா தானாகவே கிடைக்கும் என்று 2023-ன் குடியேற்றச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. நாடாளுமன்றம் நிறைவேற்றியும் விட்டது. 2024 ஜனவரி 25 அன்று அரசியலமைப்பு மன்றம் அதை வெட்டியது. அந்தச் சட்டத்தின் பொருளோடு ஒட்டாத பிரிவு என்பதுதான் காரணம். பிரித்தானியர் மேல் கோபம் ஒன்றுமில்லை. எப்படியோ, அது போய்விட்டது.

முதலில் 90 நாள் கணக்கு. பலர் இதை வருடத்துக்கு இரண்டு தரம் 90 நாள் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அன்றைய நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாளை எண்ணுவார்கள். அந்த 180-க்குள் நீங்கள் இருந்தது 90-ஐத் தாண்டக் கூடாது. இறங்கும் நாளும் ஒரு நாள், கிளம்பும் நாளும் ஒரு நாள். இரவு பதினொரு மணிக்குப் படகிலிருந்து இறங்கினாலும் அது ஒரு முழு நாள்தான்.

மார்ச் 1-ல் போய் மே 29-ல் வெளியேறினால் சரியாக 90 நாள். அதற்குப் பிறகு ஆகஸ்ட் 27 வரை கால் வைக்க முடியாது. ஆகஸ்ட் 28-லிருந்து மறுபடி போகலாம். அதாவது 90 உள்ளே, 90 வெளியே. தோட்டம் செய்கிறவருக்கு இது எவ்வளவு மோசமான கணக்கு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: தக்காளி நாற்று வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும், பழுத்து முடிந்த பிறகு வந்து சேர வேண்டும்.

இன்னொன்று, நம்மவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. 90 நாள் பிரான்சுக்கு மட்டும் அல்ல, தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. சூரிச்சில் பெறாமகளின் கலியாணத்துக்குப் போன ஐந்து நாள், ஜெர்மனியில் தம்பி வீட்டில் நின்ற ஒரு வாரம், ஒஸ்லோவில் ஒரு சாமத்திய வீடு எல்லாம் இதே கணக்கில்தான் விழும். சுவிட்சர்லாந்தும் நோர்வேயும் ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கின்றன. ஒன்றிய நாடுகளில் அயர்லாந்தும் சைப்ரசும் மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே.

முன்பெல்லாம் முத்திரை மங்கலாக இருந்தது, அதிகாரி பக்கத்தைப் புரட்டவில்லை என்று தப்பியவர்கள் உண்டு. அந்தக் காலம் முடிந்தது. 2025 அக்டோபர் 12-லிருந்து இ.இ.எஸ். என்ற எல்லைப் பதிவு முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். 2026 ஏப்ரல் 10-ஐ முழுமையாகும் நாளாக வைத்தார்கள். முதல் தரம் முகப்படமும் விரல் ரேகையும் எடுப்பார்கள். முத்திரைக்குப் பதில் கணினியே நாளை எண்ணும். டோவர், ஃபோக்ஸ்டன், செயின்ட் பாங்க்ரஸ் வழியாகப் போனால் பிரெஞ்சுப் பொலிஸ் இந்தப் பக்கத்திலேயே பதிவை முடித்துவிடும். உங்கள் ஊருக்கு வசதியான போர்ட்ஸ்மத் – உய்ஸ்த்ரஹாம் படகில் போனால் அந்தக் கரையில் இறங்கும்போதுதான் வரிசை. இதற்குப் பிறகு எட்டியாஸ் என்ற பயண அனுமதி ஒன்றும் வருகிறது. அறிவித்திருக்கும் கட்டணம் 20 யூரோ, 70 வயது தாண்டியவர்களுக்கு இலவசம். அது வந்தாலும் 90 நாள் என்பது அதிகமாகாது; அதை விசா என்று எண்ணிவிடாதீர்கள்.

சரி, ஏப்ரல் 1-லிருந்து ஆகஸ்ட் 31 வரை 153 நாள். இதற்கு வழி இருக்கிறது. தற்காலிக நீண்ட தங்கல் விசா, சுருக்கமாக வி.எல்.எஸ்.-டி, "பார்வையாளர்" என்ற வகையில் கேளுங்கள். ஆறு மாதம் வரை கொடுப்பார்கள். உங்களைப் போல கோடை முழுதும் வந்து இருந்துவிட்டுத் திரும்புகிற வீட்டுக்காரருக்கு என்றே அளந்து தைத்த சட்டை போன்றது அது. இந்த விசாவுக்குப் பிறகு பிரிபெக்சரில் (மாவட்ட அரச அலுவலகத்தில்) வதிவிட அட்டை எடுக்க வேண்டியதில்லை. விசா ஓடும் காலத்தில் பிரான்சில் இருக்கும் நாட்கள் 90 நாள் கணக்கில் சேராது. ஆகவே நத்தாருக்கு மகள் வீட்டுக்குப் போக உங்கள் 90 நாள் அப்படியே கையில் இருக்கும்.

விண்ணப்பத்தைப் பிரான்ஸ் விசாஸ் என்ற அரசுத் தளத்தில் நிரப்பி, அதன் பிறகு விசா நிலையத்துக்கு நேரில் போய் ரேகை கொடுக்க வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்னால்தான் விண்ணப்பிக்க முடியும். ஏப்ரல் 1-க்கு என்றால் ஜனவரி பிறந்ததும். விசாக் கட்டணம் ஆளுக்கு 99 யூரோ, நிலையத்தின் சேவைக் கட்டணம் தனி. கணவன் மனைவிக்குத் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கோப்பு. ஒரு கோப்பில் இருக்கும் தாளை மற்றதில் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்து ஒரே பிரதியோடு போகிறவர்கள்தான் திரும்பி வருகிறார்கள்.

வைக்க வேண்டியவை: வீட்டு உறுதி அல்லது நொத்தாரிசு (உறுதியும் உயிலும் பதியும் சட்ட அலுவலர்) கொடுத்த உரிமைச் சான்று, கடைசியாக வந்த நிலவரி பில், ஓய்வூதியக் கடிதம், மூன்று மாத வங்கிக் கூற்று, முழுக் காலத்துக்கும் மருத்துவக் காப்புறுதி, பிரான்சில் வேலை செய்யமாட்டேன் என்று கையெழுத்திட்ட கடிதம். வருமானத்துக்கு பிரெஞ்சுக் குறைந்தபட்ச ஊதியத்தின் நிகரத் தொகையை, மாதம் 1,400 யூரோவுக்குச் சற்று மேல், ஓர் அளவுகோலாக வைத்துப் பார்ப்பார்கள். சொந்த வீடு இருப்பதால் வாடகைச் செலவு இல்லை என்பதைக் கடிதத்தில் ஒரு வரியாவது எழுதுங்கள். ஏன் ஐந்து மாதம் என்பதையும் உள்ளபடி எழுதுங்கள். தோட்டம், கூரை திருத்தம், பேரப்பிள்ளை என்றே எழுதலாம். அலங்காரம் வேண்டாம்.

நடைமுறையில் மூன்று விஷயம். கடவுச்சீட்டு அவர்கள் கையில் சில வாரம் இருக்கும், ஆகவே தைப்பொங்கலுக்குப் பாரிஸ் என்று டிக்கெட் போட்டு வைக்காதீர்கள். விசா கையில் வந்ததும் அதில் அச்சிட்டிருக்கும் தொடக்க, முடிவு நாட்களைச் சரிபாருங்கள். கேட்டதற்கும் கொடுத்ததற்கும் வித்தியாசம் இருப்பது உண்டு, அந்த நாட்களுக்கு வெளியே நிற்பதெல்லாம் 90-ல் சேரும். எல்லையில் அதிகாரியிடம் விசாப் பக்கத்தைத் திறந்தே நீட்டுங்கள். நீண்ட கால விசாக்காரருக்கு இ.இ.எஸ். பதிவு கிடையாது, பேசாமல் இருந்தால் சாதாரணப் பயணியாகப் பதிந்துவிடுவார்கள், பிறகு 91-ஆம் நாளில் கணினி உங்களைச் சட்டம் மீறியவராகக் காட்டும். ஒவ்வொரு வருடமும் இதைப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், புதுப்பித்தல் கிடையாது. அலுப்புத்தான்.

காரில் போகிறவர் என்பதால் ஒன்று. பிரித்தானியாவிலிருந்து இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுபோகத் தடை; காய்கறி, இலைதழைகளுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். ஆகவே கறிவேப்பிலைக் கட்டு டோவரிலேயே நின்றுவிடும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசிக்குச் சான்று தேவையில்லை, மீன் வகை ஆளுக்கு 20 கிலோ வரை போகலாம், கருவாடும் அதில் அடக்கம். மிச்சத்தைப் பாரிசில் நம்மவர் கடைத்தெருவான லாச்சப்பலில் வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே இல்லாதது இல்லை.

இனி அந்த இரண்டு பில். ஒன்று தாக்ஸ் ஃபொன்சியேர், உரிமையாளர் கட்டும் நிலவரி. ஜனவரி 1 அன்று வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு அந்த முழு வருட பில்லும். அது என்றைக்கும் ஒழிக்கப்படவில்லை. மற்றது தாக்ஸ் தாபித்தசியோன், குடியிருப்பவர் கட்டும் வரி. 2023-லிருந்து அது ஒழிந்தது நிரந்தர வீடுகளுக்கு மட்டும். இரண்டாவது வீடு வைத்திருப்பவர்கள் தொடர்ந்து கட்டுகிறார்கள், வெள்ளைக்காரரோ தமிழரோ பிரெஞ்சுக்காரரோ எல்லாரும்தான். வீடு தட்டுப்பாடு உள்ள பகுதி என்று அரசு பட்டியலிட்ட ஊர்களில் மாநகரசபை இதன்மேல் 5 முதல் 60 சதவீதம் வரை கூடுதலும் போடலாம். 2023 ஓகஸ்டில் அந்தப் பட்டியலைப் பெரிதாக்கினார்கள். உங்கள் ஊர் அதில் உண்டா என்பதை மேரியில் (ஊர்ச் சபை அலுவலகத்தில்) ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

நிலவரி பில்லின் முன்பக்கத்தில், இடது பக்க மேல் மூலையில், 13 இலக்கத்தில் ஒரு வரி எண் இருக்கும். அதுதான் சாவி. அதை வைத்து இம்போ என்ற அரசு வரித் தளத்தில் கணக்குத் திறந்து, "என் அசையாச் சொத்துகள்" என்ற பகுதிக்குள் போய், இந்த வீட்டை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அறிவிக்க வேண்டும். 2023-ல் எல்லா உரிமையாளருக்கும் இதைக் கட்டாயம் ஆக்கினார்கள். "இரண்டாவது வீடு, நாங்களே பயன்படுத்துகிறோம்" என்று தெரிவு செய்தால் வேலை முடிந்தது. நிலைமை மாறாதவரை மறுபடி செய்யத் தேவையில்லை. செய்யாமல் விட்டாலோ பிழையாகச் செய்தாலோ சட்டப்படி ஒரு வீட்டுக்கு 150 யூரோ அபராதம். பணத்தைவிட, பிழையான அறிவிப்பினால் வரும் பிழையான பில்தான் தொல்லை. வீட்டில் குளியலறையோடு தனி அறை கட்டி, அதை வரித் திணைக்களம் தனியாக இன்னொரு வீடாகப் பதிந்து வைத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை கட்டடம் காட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நிலவரி பில் ஒகஸ்ட் கடைசி, செப்டெம்பரில் வந்து ஒக்டோபர் நடுவில் கட்ட வேண்டும். மற்றது நவம்பரில் வந்து டிசம்பர் நடுவில். தபால் ஹரோ வந்து சேர்வதற்குள் தவணை போய், 10 சதவீதம் மேலே ஏறும். 300 யூரோவுக்கு மேல் என்றால் காசோலை எடுபடாது, இணையத்தில்தான். உங்கள் பிரெஞ்சு வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் பிடிக்கும்படி ஒருமுறை செய்துவிடுங்கள்.

ஐந்து மாதம் தங்குவதால் பிரான்சில் வருமான வரிக்காரராகி விடுவோமா என்ற பயம் உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் வரும். ஹரோவில் நிரந்தர வீடு, ஓய்வூதியம், வைத்தியர், மகன் எல்லாம் இருக்கும்வரை பயமில்லை. ஆனால் 183 நாள் என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள்; பிரெஞ்சுச் சட்டம் குடும்பம் எங்கே, பிரதான இருப்பிடம் எங்கே, பொருளாதார மையம் எங்கே என்றும் பார்க்கும். ஹரோ வீட்டை மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நோர்மண்டியில் ஆறு மாதம் என்று ஆரம்பித்தால் கதையே வேறு. அப்படி யோசனை வந்தால் கையெழுத்துக்கு முன்னால் எழுதுங்கள்.

இப்போது உயில். உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் கேட்டது இதைத்தான். நான் அதிகம் கவலைப்படுவதும் இதைத்தான். விசா பிழைத்தால் ஒரு கோடை போகும். உயில் பிழைத்தால் அண்ணனும் தங்கையும் நொத்தாரிசு அலுவலகத்தில் மேசைக்கு இரண்டு பக்கம் உட்கார வேண்டி வரும்.

இங்கிலாந்துச் சட்டத்தில் உங்கள் சொத்தை நீங்கள் விரும்பியவருக்கு எழுதலாம். பிரான்சில் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு உண்டு: ஒரு பிள்ளை என்றால் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் நாலில் மூன்று. பெற்றோர் நினைத்தாலும் அதை மறுக்க முடியாது. லண்டன் உயிலில் "என் சொத்தெல்லாம் மனைவிக்கு" என்று மட்டும் எழுதியிருந்தால், இங்கிலாந்தின் விதியே அசையாச் சொத்தை அது இருக்கும் நாட்டுச் சட்டத்திடம் ஒப்படைக்கிறது. பிரான்ஸ் அதைத் தன் சட்டப்படி பிரிக்கும்.

இதற்கு 2015 ஆகஸ்ட் 17-லிருந்து ஒரு வழி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 650/2012 ஒழுங்குவிதிப்படி, ஒருவர் தன் குடியுரிமை நாட்டின் சட்டமே தன் மரபுரிமைக்குப் பொருந்த வேண்டும் என்று உயிலில் தேர்ந்தெடுக்கலாம். பிரித்தானியா அந்த ஒழுங்குவிதியில் சேரவில்லை, ஆனாலும் பிரான்ஸ் உங்கள் தேர்வை ஏற்கும். அந்தத் தேர்வு உயிலில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் உயிலை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய உயில் என்றால் பெரும்பாலும் இராது.

இதோடு முடிந்தது என்றுதான் 2021 வரை நானும் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி வந்தேன், அன்றைக்கு அது சரியாகவும் இருந்தது. பிறகு பிரான்ஸ் 2021 ஆகஸ்ட் 24-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நவம்பர் 1, 2021-லிருந்து நிகழும் மரணங்களுக்கு அது பொருந்தும். பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு தராத வெளிநாட்டுச் சட்டத்தை ஒருவர் தேர்ந்திருந்தாலும், இறந்தவரோ பிள்ளைகளில் ஒருவரோ ஐரோப்பிய ஒன்றியக் குடியாகவோ ஒன்றியத்தில் வசிப்பவராகவோ இருந்தால், விடுபட்ட பிள்ளை பிரான்சில் உள்ள சொத்திலிருந்து தன் பங்கை ஈடாகக் கேட்கலாம். உங்கள் குடும்பத்தில் அந்தக் கதவைத் திறந்து வைப்பது மகள் பாரிசில் இருப்பதுதான். ஆனால் அதன் வழியாக நுழையக் கூடியவர் லண்டனில் இருக்கும் மகன். அவருடைய உரிமையை அவருக்கு அறிவிப்பது நொத்தாரிசின் கடமை. நீங்கள் ஆசைப்பட்டாலும் அது மூடிய பேச்சாக இருக்காது.

மகனுக்கு ஹரோ வீடு வருகிறதே என்பீர்கள். நியாயம்தான், விலையில் அதுவே பெரிதாகவும் இருக்கும். ஆனால் பிரெஞ்சுக் கணக்கில் அந்த வீட்டை எப்படிச் சேர்ப்பது என்பதில் நொத்தாரிசுகளுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. ஆகவே செய்ய வேண்டியது இது: இருவரும் சேர்ந்து ஒரு நொத்தாரிசைப் பாருங்கள், ஓர்னில் வீட்டை எழுதியவரே போதும். பிரெஞ்சுச் சொத்துக்கு மட்டும் தனி உயில் எழுதுங்கள். முழுக்க உங்கள் கைப்பட எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டால் பிரான்சில் அது செல்லும், சாட்சி வேண்டாம்; நொத்தாரிசிடம் கொடுத்து மத்தியப் பதிவேட்டில் பதிய வையுங்கள். இரண்டு உயிலிலும், ஒன்று மற்றதை ரத்துச் செய்யாது என்று எழுதுங்கள். "இதற்கு முந்தைய உயில் எல்லாவற்றையும் ரத்துச் செய்கிறேன்" என்று லண்டன் வழக்கறிஞர்கள் வழமையாக எழுதும் முதல் வரி, அடுத்த முறை ஹரோ உயிலைத் திருத்தும்போது பிரெஞ்சு உயிலை ஓசையில்லாமல் கொன்றுவிடும். அப்புறம், மகனையும் மகளையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். இதை நொத்தாரிசால் செய்து தர முடியாது.

நொத்தாரிசு உங்களிடம் இன்னொரு யோசனையும் சொல்வார்: இப்போதே வீட்டை மகளுக்குத் தானமாக எழுதிவிட்டு, உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொள்ளுங்கள் என்று. பிரெஞ்சுக் கணக்கில் அழகானது. உங்களுக்கு வயது 61-க்கும் 70-க்கும் இடையில் என்றால் கொடுக்கும் பங்கின் மதிப்பு 60 சதவீதம். 180,000-ல் ஆளுக்குப் பாதி 90,000, அதில் 60 சதவீதம் 54,000. பெற்றோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 15 வருடத்துக்கு ஒருமுறை 100,000 யூரோ வரியில்லாமல் கொடுக்கலாம். ஆகவே பிரான்சில் தான வரி பூச்சியம். ஆனால் நீங்கள் பிரித்தானிய வரிக்காரர். கொடுத்த சொத்தை நீங்களே அனுபவித்தால் மரண வரிக்கு அது இன்னும் உங்களுடையதாகவே கணக்கில் வரக்கூடும். கொடுத்த அன்றைய மதிப்பில் மூலதன இலாப வரியும் வரலாம். நொத்தாரிசுக்கு அது தெரியாது, அது அவர் வேலையும் இல்லை. லண்டன் கணக்காளர் பார்க்காமல் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மரபுரிமை வரி உங்கள் வீட்டுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. கணவன் மனைவிக்கிடையில் பிரான்சில் வரி கிடையாது, பிள்ளைக்கு மேலே சொன்ன 100,000 விலக்கு உண்டு. பிள்ளை இல்லாத வாசகர்கள் கவனிக்க: அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு, அதாவது பெறாமக்களுக்கு, விலக்கு 7,967 யூரோதான், மிச்சத்துக்கு வரி 55 சதவீதம். உறவில்லாதவருக்கு 60. உரிமைச் சட்டத்துக்கு இங்கிலாந்தைத் தேர்ந்தாலும் இந்த வரி மாறாது.

நீங்கள் இல்லாத ஏழு மாதத்தில் வீட்டுக்கு என்ன என்பதையும் யோசியுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் வீடு தொடர்ந்து பூட்டிக் கிடக்கும் நாட்களைப் பற்றி ஒரு பிரிவு இருக்கும். அந்த எண்ணைத் தாண்டினால் திருட்டுக்கு ஈடு குறையும் அல்லது இராது. உறைபனியில் குழாய் வெடித்தால், பிரதான நீர்க்குழாயை மூடிக் குழாய்களை வடித்துவிட்டுத்தான் போனீர்களா என்று கேட்பார்கள். மூடுவது மட்டும் போதாது. கீழே உள்ள வடிகுழாயைத் திறந்து, மேல்மாடிக் குழாய்களையும் திறந்து விட்டு, கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்து, சுடுநீர்த் தொட்டியையும் வடிக்க வேண்டும். செய்து முடித்ததும் மூடிய குழாயைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். விறகு அடுப்பு இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை புகைபோக்கி துடைத்த சான்றிதழ் வேண்டும். தீ விபத்து ஈட்டுக் கோரிக்கையில் முதலில் கேட்பது அதைத்தான். சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும். யாராவது பூட்டை உடைத்துக் குடியேறினால் இரண்டாவது வீடு என்றாலும் இப்போது பிரிபெ (மாவட்ட அரச அதிகாரி) மூலம் விரைவாக வெளியேற்றலாம், ஆனால் நடந்தது உங்களுக்குத் தெரிய வேண்டுமே.

வாடகைக்கு விடுவது பற்றிச் சுருக்கமாக. விடலாம். மேரியில் அறிவித்துப் பதிவு எண் எடுக்க வேண்டும். 2024 நவம்பரில் வந்த சட்டம் இதை நாடு முழுவதற்கும் கட்டாயம் ஆக்கி, 2026 மே 20-ஐக் கடைசி நாளாக வைத்தது. காப்புறுதிக்காரருக்கும் சொல்லுங்கள். தர நட்சத்திரம் வாங்காத விடுமுறை வீட்டுக்கு வருடம் 15,000 யூரோ வரை எளிய முறையில் 30 சதவீதம் கழித்து மிச்சத்துக்கு வரி. 6,000 யூரோ வந்தால் 4,200-க்கு வரி. வெளிநாட்டில் வசிப்பவருக்குக் குறைந்தபட்ச விகிதம் 20 சதவீதம், 840 யூரோ. பிரித்தானியச் சமூகப் பாதுகாப்பில் இருப்பவர் என்பதால் அதன்மேல் சமூகக் கட்டணம் 7.5 சதவீதம், 315 யூரோ. மொத்தம் 1,155. அதே வருமானத்தைப் பிரித்தானிய வரி அறிக்கையிலும் காட்டி, பிரான்சில் கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம். துப்புரவுக்கும் சாவி கொடுப்பதற்கும் ஆளுக்குக் கொடுத்த பிறகு கையில் என்ன மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஓர்னில், குளிர்காலத்தில், நீச்சல் குளம் இல்லாத வீடு. நான் என்றால் விடமாட்டேன்.

விற்பதற்கு அவசரம் ஒன்றும் தெரியவில்லை. கணக்கைச் சொல்லி வைக்கிறேன். வாங்கிய விலை 120,000. வாங்கிய செலவுக்கு 7.5 சதவீதம், 9,000, ரசீது இல்லாமலே சேர்க்கலாம். ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருந்ததால் திருத்த வேலைக்கு 15 சதவீதம், 18,000, அதுவும் ரசீது இல்லாமல். ஆக 147,000. 180,000-க்கு விற்றால் இலாபம் 33,000. அதில் 19 சதவீத வரியும், உங்கள் நிலையில் 7.5 சதவீத சமூகக் கட்டணமும். ஆறாம் வருடத்திலிருந்து இரண்டும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு போகும். பிரித்தானியாவில் அந்தக் குறைப்பு இல்லை. அங்கே வாங்கிய நாளின் பவுண் மதிப்பையும் விற்ற நாளின் பவுண் மதிப்பையும் வைத்து இலாபம் பார்ப்பார்கள், நாணய மாற்று விகிதமும் அதற்குள் வந்துவிடும். பிரான்சில் கட்டிய வரியைக் கழிக்கலாம். ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் 150,000 யூரோவுக்கு மேல் விற்றால் பிரான்சில் அங்கீகாரம் பெற்ற வரிப் பிரதிநிதி ஒருவரை நியமிக்க வேண்டும், கட்டணம் விற்பவர் தலையில். இருவர் பெயரில் உள்ள வீட்டுக்கு அந்த எல்லையை எப்படிப் பார்ப்பது என்று, உயிலுக்காகப் போகும்போதே நொத்தாரிசிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கழிவுநீர்த் தொட்டி உள்ள வீடு என்றால் மூன்று வருடத்துக்குள் எடுத்த பரிசோதனை அறிக்கை விற்பனைக்கு வேண்டும்.

கூரைக்கும் சுவருக்கும் நீங்கள் செலவழித்தது 18,000-ஐத் தாண்டியிருந்தால் மட்டும் அந்த 15 சதவீதத்தை விட்டுவிட்டு உண்மையான பில்களைக் காட்டலாம். பதிவு பெற்ற தொழிலாளி தன் சிரெட் எண்ணோடு (தொழில் பதிவு எண்ணோடு) கொடுத்த பில்தான் எடுபடும். லாச்சப்பலிலிருந்து வந்த தெரிந்த பையன்களுக்குக் கையில் கொடுத்த காசும், கடையில் நீங்கள் வாங்கிப் பூசிய பெயின்டும் கணக்கில் வராது.